வெள்ளை காயப்போடலாமா?

என் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. இதை அவர் ஒப்புக்கொள்வதற்கு வெகு முன்பே எங்கள் எர்ணாவூர் குடியிருப்பின் மூன்று மாடிகளும் ஒப்புக்கொண்டுவிட்டன. அவர் படியேறி வரும்போது மார்புக்குள் இருந்து ஒரு விசில் கிளம்பும். ஆள் வருவதற்கு முன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும். "இன்னா, இஸ்துக்குதா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல. படி செங்குத்தா கீது" என்பார். பதினெட்டு வருடமாக ஏறி இறங்குகிற படி போன வருடம்தான் செங்குத்தாகிவிட்டதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பூசணிக்காய் மேலேயே உட்கார்ந்துகொண்டு சோறு போடு என்று கேட்கிற ஆளை என் வீட்டில்தான் பார்த்தேன்.

அவருடையது மோட்டார் வைண்டிங் கடை. தண்ணீர் மோட்டார், மிக்சி, கிரைண்டர் என்று எது எரிந்து வந்தாலும் பழைய செப்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். கடை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. எங்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே மணலி ஆலைகள், வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையம். எந்தப் பக்கமிருந்து காற்றடித்தாலும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து கொட்டும். கடல்காற்று மட்டும் உப்போடு நிறுத்திக்கொள்ளும். போன வருடம் மாசியில் ஒரு நாள் காலை, கடையிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி, மருந்து ஆவி கொடுத்து, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு ஆவி மெஷினும் வாங்கச் சொன்னார்கள், வாங்கினேன்.

கிளம்பும் முன் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தினமும் ரெண்டு வேளை இந்த இன்ஹேலரை இழுக்கணும். காத்து மோசமாகுற நேரத்துல வெளிய நிக்கக் கூடாது, முன்னாடியே தெரிஞ்சா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிடணும். இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. முடிஞ்சா எடத்தை மாத்துங்க" என்றார்.

ஆவடியில் என் சித்தி மகள் ஒரு வீடு பார்த்து வைத்தாள். இவர் காது கொடுக்கவே இல்லை. "இங்கயே பொறந்தேன், இங்கயே கடை வச்சேன். ஆவடிக்குப் போயி யாருக்கு மோட்டாரு சுத்துறது?" என்றார். இன்ஹேலரையும் ஒழுங்காக இழுப்பதில்லை. கடைக்கு வந்தவர்கள் முன்னால் அதை வாயில் வைத்தால், சீக்காளி என்று நினைத்து வேலை தரமாட்டார்களாம். ஆக, டாக்டரம்மா சொன்னதில் என் கையில் மிஞ்சியது ஒன்றுதான். காற்று கெடப்போகிறது என்று கொஞ்சம் முன்னால் தெரிந்தால் போதும், ஃபோன் போட்டுத் திட்டியாவது ஆளை உள்ளே தள்ளிவிடலாம். தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் படித்தது பி.காம். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில், கப்பலில் வரும் கண்டெய்னர்களுக்கான தாள்களைத் தயார் செய்கிற வேலை. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது என்பது பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிகிறவர்களின் சமாச்சாரம் என்றுதான் நாற்பது வயது வரை நினைத்திருந்தேன்.

எல்லாம் ஒரு தவறில் தொடங்கியது. ஒவ்வொரு கண்டெய்னர் மேலும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். கடைசி எண்ணுக்கு ஒரு வேலை உண்டு: முன்னால் இருக்கிற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த எண் வரவேண்டும், வராவிட்டால் எங்கேயோ தப்பாக அடித்திருக்கிறோம். நான் மூன்றுக்குப் பதில் எட்டு அடித்து, ஒரு பெட்டி இரண்டு நாள் யார்டிலேயே நின்றது. ஆபீஸே என்னை வறுத்தெடுத்தது. அன்று மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, புரோகிராம் எழுதித் தருகிற ஏஐ ஒன்றிடம் பாதி தமிழும் பாதி ஓட்டை இங்கிலீஷுமாக என் கஷ்டத்தைக் கொட்டினேன். டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு பக்கம் தயாராக இருந்தது. எண்ணை அடித்தால் சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு. இன்றைக்கும் ஆபீசில் எல்லோரும் அதில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளை அனுப்புகிறார்கள்.

அந்தப் பச்சையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்டாலே முகத்தைச் சுளிப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இது ஏழாம் தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரியே பதில் சொல்லும். என் வீட்டுக்காரர் அதற்கு 'உன் தோஸ்து' என்று பெயர் வைத்தார். "இன்னா சொல்றான் உன் தோஸ்து?" என்று கேட்பார். கிண்டல்தான், ஆனாலும் நானும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தேன்.

மாசி கண்டம் கழிந்ததும் தோஸ்திடம் போய் நின்றேன். ஃபோனில் பார்க்கிற காற்றுக் கணக்கெல்லாம் எங்கோ தள்ளி வைத்திருக்கும் மீட்டருடையது, எங்கள் தெருவுக்கு உதவாது. அதனால் தெருவையே கேட்டுவிடலாம் என்பது என் யோசனை. ஒரு பக்கம் செய்தோம். 'இப்போது உங்கள் வீட்டருகில் வாடை இருக்கிறதா?' என்று கேள்வி. 'இல்லை', 'லேசாக', 'கடுமையாக' என்று மூன்று பொத்தான். இரண்டு வீடுகள் பத்து நிமிடத்துக்குள் 'கடுமையாக' என்று அமுக்கினால் எனக்கும் அவருக்கும் ஃபோன் மணி அடிக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. குடியிருப்பு குரூப்பில் போட்டு, தெரிந்தவர்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

நல்ல ஜனங்கள், தினமும் அமுக்கினார்கள். எல்லோரும் 'இல்லை' என்றே அமுக்கினார்கள்.

முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு காலையில் கெட்டுப்போன முட்டையை மூக்கடியில் உடைத்த மாதிரி ஒரு வாடை தெருவுக்குள் வந்தது; இவருக்கு விசில் ஆரம்பித்துவிட்டது. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இல்லை, இல்லை, இல்லை. வந்த ஆத்திரத்தில் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனேன். எங்களுக்கு நேர் மேலே குடியிருக்கிற அக்கா, இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மா. அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். "ஏன்க்கா, இவ்ளோ நாத்தத்துல 'இல்லை'ன்னு அமுக்கிகீறியே, உனக்கே நியாயமா?" என்றேன்.

அக்கா நிஜமாகவே குழம்பிப் போனாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "இன்னா நாத்தம்? எப்பவும் கீறதுதானே கீது?"

கீழே வந்து என் ஃபோனைப் பார்த்தேன். அன்று காலை ஆறரை மணிக்கு, அடுப்பில் பால் வைத்துவிட்டு, நானும் 'இல்லை' என்றுதான் அமுக்கியிருந்தேன். இந்தப் பக்கத்தைச் செய்த மகராசியே நான்தான்! ஆவடியிலிருந்து சித்தி மகள் வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முந்தானையால் மூக்கை மூடுவாள். நாங்கள் அவளைக் கேலி செய்வோம். வாடை என்று நாங்கள் சொல்வது வழக்கத்துக்கு மேலே வருவதை மட்டும்தான். வழக்கம் எங்கே முடிகிறது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

தோஸ்திடம் சொன்னேன். ஆனைக்கும் அடி சறுக்கும், அன்றைக்கு அதற்குச் சறுக்கியது. மூன்று பொத்தானைப் பத்தாக்கலாம் என்றது. ஒவ்வொரு வாடைக்கும் விளக்கம் எழுதலாம் என்றது. கருவி வாங்கி மாடியில் பொருத்தலாம் என்று பட்டியல் நீட்டியது. எல்லாம் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. அந்த மூக்குதான் இங்கே பிரச்சினை. கோபத்தில் கன்னாபின்னாவென்று எழுதிவிட்டு மடிக்கணினியை மூடினேன். பாவம், அது என்ன செய்யும், எர்ணாவூரில் ஒரு நாள் இருந்திருக்கிறதா?

விடை மொட்டைமாடியில் இருந்தது. வைகாசியில் ஒரு ஞாயிறு, வாளி நிறையத் துணியோடு மேலே போனேன். எனக்கு முன்னால் மேல் வீட்டு அக்கா நின்றிருந்தாள். துணி போடுவதற்கு முன் கொடிக்கயிற்றை ஒரு விரலால் வழித்து, விரலைப் பார்த்தாள். கன்னத்தை மேற்குப் பக்கம் திருப்பி ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு கீழே எட்டிப் பார்த்து, "வெள்ளை வாணாம்டீ! கலரு மட்டும் போடுங்க!" என்று குரல் கொடுத்தாள். படியேறிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அங்கேயே நின்று வாளிக்குள்ளிருந்த பள்ளிக்கூடச் சட்டைகளைத் தனியே எடுத்து வைத்தார்கள். நானும் இவருடைய வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டேன். கீழே இறங்கி இரண்டு படி வந்தபிறகுதான் என் கால் நின்றது.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. கரித்தூளும் சாம்பலும் எந்தக் காற்றில் வரும் என்று பார்த்துத்தான் வெள்ளைத் துணி காயப்போடுவோம். மூக்கு பழகிவிட்டது, ஆனால் நாளைக் காலை பிள்ளை போட்டுக்கொண்டு போகவேண்டிய சட்டையில் கரும்புள்ளி விழுந்தால் எந்தத் தாய்க்கும் பழகாது. இத்தனை வருடமாக நானும் கயிற்றை வழித்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அது தெரிவதற்கு மாசியில் ஒருவர் சாய வேண்டியிருந்தது.

அன்றே கேள்வியை மாற்றினோம். 'இப்போது வெள்ளை காயப்போடலாமா?' பொத்தான்கள்: 'போடலாம்', 'கலர் மட்டும்', 'எல்லாத்தையும் எடுத்துடுங்க'. எதற்கு என்று தோஸ்துக்கு விளக்கினேன். ஏன், எதற்கு என்று வாதாடாமல் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தது. கூடவே ஒன்றைச் சேர்த்திருந்தது. ஒரே ஒரு வீடு மட்டும் 'எடுத்துடுங்க' என்று அமுக்கினால் பெரிய மணி அடிக்காது. ஆனால் யார், எங்கிருந்து என்று எனக்கு மட்டும் சின்னச் செய்தி வரும். நான் கேட்காத வேலை. ஆபீஸ் நேரத்தில் அது கிணுகிணுத்தபோது எடுத்துவிடு என்றேன். எடுக்கிறேன், ஆனால் தனியாக இருக்கும் ஒருவருக்கு ஆபத்து என்றால் யாருக்கும் தெரியாமல் போகலாமே, பரவாயில்லையா என்று கேட்டது. பதில் எழுத நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

புதுக் கேள்விக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்கவேண்டுமே! வாடை பற்றி வாய் திறக்காத பெண்கள் துணிக்காகச் சண்டை போட்டார்கள். "நீ 'போடலாம்'ன்னு அமுக்கினதை நம்பித்தானே போட்டேன், பாரு என் தலைகாணி உறைய!" என்று படிக்கட்டில் பஞ்சாயத்து நடந்தது. அந்தச் சண்டைகளால் பக்கம் நாளுக்கு நாள் துல்லியமானது. குறிப்பாக எட்டு வீடுகள் ஒரு நாள் தவறாது. 'எடுத்துடுங்க' வந்த பிறகு கால் மணி, அரை மணி கழித்துத்தான் இவருக்கு விசில் ஆரம்பிக்கும். டாக்டரம்மா கேட்ட 'முன்னாடியே' என்பது அந்த அரை மணி நேரம்தான். மணி அடித்ததும் நான் ராயபுரத்திலிருந்து ஃபோன் போடுவேன். "ஷட்டரை இறக்கு, மருந்தை இழு." "தோ, இழுத்துகினுதான் கீறேன்" என்பார். இழுக்கமாட்டார்.

ஆடி வந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்களுக்கு மேற்கிலிருந்து என்னென்னவோ பறந்து வரும். ஒரு நாள் மதியம் இரண்டு மணி இருக்கும், ஆபீசில் ஒரு தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் சின்னச் செய்தி: ஒருவர் 'எடுத்துடுங்க' என்று அமுக்கியிருக்கிறார். வேறு எந்த வீட்டிலிருந்தும் ஒன்றும் இல்லை. யாரோ கைதவறி அமுக்கியிருப்பார்கள் என்று ஒதுக்கப் போனவள் பெயரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், கடையிலிருந்து.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடக் கொடியில் போட்டறியாத மனுஷன்! ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுத்தார், பேச்சு இல்லை, விசில் மட்டும் கேட்டது. மேல் வீட்டு அக்காவுக்குப் போட்டு, "அக்கா, கடைக்கு ஓடு, அந்த ஆவி மெஷினை எடுத்துகினு ஓடு" என்று கத்தினேன். என்ன ஏது என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சாவி எப்போதும் அவளிடம் ஒன்று இருக்கும். மெஷினோடு ஓடி, கடை பிளக்கிலேயே மாட்டி, முகமூடியை அவர் மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டிருக்கிறாள். ஆட்டோ வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா செருப்பில்லாத காலோடு வாசலில் நின்றிருந்தாள். "உள்ள வச்சிகீறாங்க. மூச்சு வுடுறாரு, அழாத" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதேன்.

சாயங்காலம் அவர் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிப் பேசினார். "பேச வாய் வரலமே. வெரலு வந்துச்சி." வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்வார்கள், என் வீட்டுப் பிள்ளை விரலால் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பயமா கீது. ஆவடிக்கே போயிடலாம்" என்றார். அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். மாசியிலிருந்து நான் கெஞ்சியது கிடைத்துவிட்டது. எனக்கு அதில் சந்தோஷமே வரவில்லை.

அதன் பிறகு ஆள் மாறினார். கடையில், வாடிக்கையாளர் கண்ணெதிரே இன்ஹேலரை இழுத்தார். யாரும் வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை; ஒருவர் மட்டும் தனக்கும் இருக்கிறது என்று சொல்லி எந்த மருந்து என்று விசாரித்தார். விசில் குறைந்தது. புரட்டாசியில் பார்த்த டாக்டரம்மா, மார்பு தேவலை என்றார், ஆனாலும் இடத்தைப் பற்றி இன்னொரு தடவை சொன்னார். தீபாவளி கழிந்து ஆவடி வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வதாகச் சித்தி மகளிடம் பேசி முடித்தோம். சாமான் கட்டப் பெட்டிகளைக்கூடச் சேர்க்க ஆரம்பித்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பக்கத்துச் சடையங்குப்பத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று பேச்சு. எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்றது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எனக்குத் திக்கென்றது. நான்கு நாளாகக் கொட்டுகிறது, ஒருத்தி வீட்டிலும் துணி வெளியே இல்லை. ஆனால் தினமும் காலை ஆறிலிருந்து ஆறரைக்குள் அந்த எட்டு வீடுகளும் பொத்தானை அமுக்கியிருந்தன. புரோகிராம் தானாக அமுக்கிக்கொள்கிறது, எங்கேயோ கோளாறு என்று பயந்து தோஸ்திடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு, கோளாறு இல்லை, எட்டு வெவ்வேறு ஃபோன்களில் கையால் அமுக்கியவை என்றது.

மேலே போனேன். அக்கா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"மழையில எந்தத் துணியக்கா காயப்போடுறீங்க?"

"துணியா? கொடியையே அவுத்து வச்சாச்சி."

"அப்புறம் எதுக்கு அமுக்குறீங்க?"

அக்கா என்னை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இந்தத் தண்ணியிலயும் உன் வூட்டுக்காரரு ஏழு மணிக்குப் போயி கடை தொறக்குறாரு. அதுக்கு முன்ன யாராவது மாடிக்குப் போயி, காத்து எப்படிக் கீதுன்னு பாத்து சொல்ல வோணாமா?"

"இந்த மழையிலயா?"

"குடை எதுக்குக் கீது?"

எனக்குத் தெரிந்து அந்த எட்டுப் பேரில் இருவருக்கு முட்டி வலி. ஒருத்தி என்னோடு பேசியே ஆறு மாதம் ஆகிறது, தண்ணீர்க் குழாய்ச் சண்டை. அவளும் அமுக்கியிருந்தாள், நான்கு நாளும்.

வீட்டுக்கு வந்து சித்தி மகளுக்கு ஃபோன் போட்டு, ஆவடி வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். டாக்டரம்மா திட்டுவார், திட்டட்டும். "பைத்தியமா உனக்கு? ஏண்டி?" என்று அவள் கத்தினாள்.

"இங்க அவருக்காக மாடியில ஆளு நிக்கிறாங்கடி" என்றேன்.